கொப்பியின் முன்பக்கமும் பின்பக்கமும்

வாசகர் கேள்விகள் – டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே நூலில் கோத்தவை போல் இருந்தன. யாருக்காவது நல்லது செய்ய ஆசை. அதைக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்ய ஆசை. நடுவில் ஏதோ ஒரு முள். ஆகவே பரீட்சை, சமையல், மாமியார் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மாமியார் மட்டும் முதல் கடிதத்திலேயே நுழைந்துவிட்டார். அவரைத் தடுக்க யாரால் முடியும்?

கேள்வி: நாங்கள் ஒன்பது பெண்கள், ஒரே பாடசாலையில் சாதாரண தரம் வரை படித்தவர்கள். எங்களோடு படித்த ஒருத்திக்கு இப்போது மார்பகப் புற்றுநோய். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சமைத்து, பாட்டுப் பாடி, பழைய கதை பேசி, அங்கேயே அவளுக்காகப் பணம் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். "ஒருத்தி நோயில் கிடக்கிறாள், நீங்கள் கூத்தடிக்கப் போகிறீர்களா?" என்று என் மாமியார் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. நாங்கள் செய்வது தவறா, டீச்சர்?
– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தவறே இல்லை, மகளே. இதை நீயாகப் போய் மாமியாரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. இந்தப் பக்கத்தை மடித்து அவருடைய வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடு.

நாங்கள் ஏழு பேர். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் ஒரே விடுதி அறை. ஏழு பேரில் ஒருத்தி அருமையாகப் பாடுவாள். கணக்கு மட்டும் அவளுக்கு வராது. 2013இல் போய்விட்டாள். அவளுக்கும் மார்பில்தான். கட்டி கையில் தட்டுப்பட்டது ஒரு தைப்பொங்கலுக்கு முன். டாக்டரிடம் காட்டியது தீபாவளிக்குப் பின். இடையில் மகனுடைய உயர்தரப் பரீட்சை, கூரைத் தகரம் மாற்றுவது, நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அவளுக்கு நேரம் இருந்தது.

கருமாதி அன்று நாங்கள் ஆறு பேரும் அவள் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். நடுவில் ஒருத்தி, போனவள் விடுதியில் நள்ளிரவில் வார்டனுடைய குரலில் பேசி எங்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளிய வைத்த கதையை எடுத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து அவளுடைய அம்மா எட்டிப் பார்த்தார். இன்றைக்கு நமக்கு விளக்குமாறுதான் என்று நினைத்தோம். அவர் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து, "இன்னொரு கதை சொல்லுங்கள்" என்றார்.

உன் மாமியார் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்றால் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துவிடுகிறார். ரதி தலைவிரி கோலமாகப் புலம்புகிறாள். சுற்றி நிற்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவு போல முந்தானையால் மூக்கைத் துடைக்கிறார்கள். அதே காமன் பொட்டலில், அதே இரவில், பிள்ளைகள் கடலை கொறித்துச் சிரிக்கிறார்கள். வேடம் கட்டியவனை அவன் கூட்டாளிகள் கிண்டல் செய்கிறார்கள். செலவுக்கு வீட்டுக்கு வீடு காசு. அழுகைக்கு ஒரு நாள், சிரிப்புக்கு ஒரு நாள் என்று நம் ஆட்கள் பிரித்து வைத்ததே இல்லை. தப்புப் பறை கல்யாணத்துக்கும் அடிக்கிறது, பாடைக்கு முன்னாலும் அடிக்கிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். 2014இல் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையில் ஆறு பேரும் என் வீட்டில் கூடினோம். வீட்டு ஆண்கள் ஒரு நாளைக்குத் தாங்களே தேநீர் ஊற்றிக் குடிக்கட்டும் என்று கிளம்பி வந்தவர்கள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தோம். ஒருத்தி ரொட்டி தட்டிக் கல்லில் போட்டாள். ஒருத்தி செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு வைத்துக் கட்டசம்பல் இடித்து, கடைசியில் தேசிக்காய் பிழிந்தாள். ஆளுக்கு இரண்டு என்பது கணக்கு. சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டில் இரண்டு ரொட்டி இருந்தது. தட்டியவள் பழக்கத்தில் பதினான்கு தட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகுதான் ஒருத்தி எழுந்து போய் ஒரு காலிப் பால்மா டின்னை எடுத்து வந்தாள். மூடியில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் குத்தி வாய் பிளந்தாள். விளிம்பு கூராக நின்றது. முதல் நோட்டைப் போட்டபோதே என் விரலைக் கீறிவிட்டது. அதில் பிளாஸ்டர் ஒட்டினோம். அந்த டின் இன்றும் என் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. பிளாஸ்டரைத்தான் எத்தனையோ முறை மாற்றியாகிவிட்டது. போயாவுக்குப் போயா ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். விஷயம் தெரிந்த அயல்வீட்டுக்காரர்களும் பழைய மாணவர்களும் அவ்வப்போது போடுவார்கள்.

கணக்குக்கு ஒரு சீ.ஆர். கொப்பி. முன்பக்கத்திலிருந்து டின் கணக்கு. கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ரொட்டிக் கணக்கு. மா, தேங்காய், மாசி எல்லாம் அங்கே. ஒருமுறை ரயிலில் பட்டிப்பொல வரை போய்க் குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்பியதும் அங்கேதான் இருக்கிறது. (ஹட்டனைத் தாண்டியதும் வருகிற சிங்கமலைச் சுரங்கம் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அந்த இருட்டில் ஆறு கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகள் போலக் கூவினோம். எதிர் ஆசனத்தில் இருந்த வெள்ளைக்காரப் பையன் பயந்து பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.) இந்தச் செலவெல்லாம் அவரவர் கைக்காசு. முன்பக்கத்துப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பின்பக்கத்துக்கு வந்ததில்லை. பின்பக்கத்து மிச்சம் முன்பக்கத்துக்குப் பல தடவை போயிருக்கிறது.

பத்து வருஷத்துக்கு மேல் இது நடப்பதற்கு எங்கள் இரக்க குணம்தான் காரணம் என்று எழுதினால் பொய். இரக்கம் மூன்று மாதத்தில் களைத்துவிடும். அடுத்த போயாவுக்கு யார் என்ன கதை கொண்டு வருவாள் என்ற ஆசைதான் எங்களை அடைமழையிலும் பஸ் ஏற்றியது. மாமியாருக்கு விளங்க வேண்டிய இடம் இதுதான்.

இனிப் பணம் போகிற வழி. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. வாசல் வரை போய்ச் சேருவதற்குக் காசு உண்டு. சிலரைக் கண்டிக்கு அனுப்புகிறார்கள், சிலரை மஹரகமைக்கு அனுப்புகிறார்கள். போகிற நாளில் நோயாளிக்குப் பேர் இல்லை. துணைக்குப் போகிறவளுக்கும் பேர் இல்லை. (தோட்டம் தெரியாத வாசகர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் கூலி.) மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போதே கொழுந்தெடுக்கிற பெண் மனதுக்குள் பேர்க் கணக்குப் போடத் தொடங்கிவிடுவாள். இரண்டு முறை போவாள். மூன்றாவது முறை, "இப்போது பரவாயில்லை" என்பாள். எங்கள் டின் அந்த மூன்றாவது முறைக்குத்தான்.

முதல் பயணம் மஹரகமைக்கு, நானே ஒருத்தியோடு போனேன். விடியுமுன் ஹட்டனில் பஸ். அவள் மாரியம்மன் திருவிழாவுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். "பெரிய ஆஸ்பத்திரி அல்லவா, டீச்சர்" என்றாள். கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைப் பக்கத்து வளைவுகளில் இரண்டு தரம் வாந்தி. கையில் வைத்திருந்த தேசிக்காயை மோந்துகொண்டே வந்தாள். எக்ஸ்ரே உறையை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தாள். வாந்தி எடுத்தபோதும் அதை என்னிடம் தரவில்லை. அவிசாவளையில் இறங்கி, ஹைலெவல் வீதியால் போகிற வேறு பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் எது என்று கேட்கக்கூட அவளுக்குச் சிங்களம் போதாது. டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று மூன்று தரம் கேட்டு விரலில் எண்ணிக்கொண்டாள்.

அன்று இரவு கொப்பியில் பஸ், சாப்பாடு, தேநீர் என்று எழுதினேன். கூடப் போனதை எந்தப் பத்தியில் எழுதுவது? அதற்குப் பிறகு முறை வைத்துப் போகிறோம். சிங்களம் சரியாக வராத இரண்டு பேருக்கு மட்டும் டின் காவல் வேலை.

ஆகவே உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நோயில் இருக்கிற தோழியிடமே போய், இப்படிக் கூடலாமா என்று கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் அவளுக்காகக் கூடுவதுதான் கூத்து. வருகிறேன் என்றால் சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி ஒன்று போடுங்கள். மருந்து ஏற்றிய வாரமாக இருந்தால் தாளிக்கிற வாசனையே குமட்டும். அடுப்பைக் கோடிப்புறத்துக்குக் கொண்டு போங்கள். தடிமன், காய்ச்சல் உள்ளவள் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அவள் நடுவில் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டால் பாட்டை நிறுத்த வேண்டாம். கேட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் ஒன்பது பேரில் 35 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996இல் தொடங்கிய திட்டம். மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதிப்பார்கள், இலவசமாக. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாள் கேட்டுக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் போங்கள். திரும்புகிற வழியில் டவுனில் மீன் பனிசும் தேநீரும். அது பின்பக்கக் கணக்கு. எங்கள் பாட்டுக்காரி தனியாகப் போக வெட்கப்பட்டாள். வா என்று கையைப் பிடித்து இழுக்க அவளுக்கு ஆறு பேர் இருந்தோம். எங்களிடம் அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேள்வி: பாடசாலை நூலகத்துக்காக நாங்கள் ஏழு இளைஞர்கள் பணம் சேர்த்தோம். பொருளாளர் என் உயிர் நண்பன். ஐந்து மாதமாகியும் கணக்கு வரவில்லை. கேட்டால் நட்பு முறியும் என்று பயம். கேட்காவிட்டால் தூக்கம் இல்லை.
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: கேளுங்கள், தம்பி. ஆனால் "கணக்கைக் காட்டு" என்று கேட்காதீர்கள். ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், "வா, இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிவிடலாம்" என்று சொல்லுங்கள். கணக்குக் காட்டாதவர்களில் பெரும்பாலானவர்கள் திருடர்கள் இல்லை, சோம்பேறிகள். பில்லைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உங்களைக் கண்டால் ஒளிகிறவர்கள். இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தால் ஏழு பேரும் பகிர்ந்து நிரப்பிவிடுங்கள். அதற்கு மேல் குறைந்தால் உங்களுக்கு நூலகமும் இல்லை, நண்பனும் இல்லை. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

திருடாமலும் பணம் தடம் மாறும். அந்தப் பாடம் எங்களுக்கும் நடந்தது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள். எங்கள் டின்னில் அப்போது பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. உடைத்து அனுப்பிவிடுவோம் என்று நான்கு பேர் சொன்னோம்; அதில் நான்தான் சத்தமாகச் சொன்னவள். ஒருத்தி வழக்கம் போல இரண்டு பக்கமும் தலையாட்டினாள். மிச்சம் ஒருத்தி டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றுவிட்டாள். "இதில் காசு போட்ட எல்லோரும் இங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு என்று சொல்லித்தானே வாங்கினோம்?" என்றாள்.

கல் நெஞ்சுக்காரி என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு கம்பளி. மோதிரத்தை அடகு வைத்த காசு வேறு. "இது மண் சரிவுக்கு. நீ என்ன தருகிறாய்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் ஆறு வீட்டிலும் துணி, கொப்பி, பணம் எல்லாம் தனியாகச் சேர்த்து அனுப்பினோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு அவசரமாகப் பயணச் செலவு தேவைப்பட்டது. டின்னில் பணம் இருந்தது. நான் டின்னைத் தர மறுத்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை ரசித்து ரசித்துக் கேட்டுக்கொண்டாள். இன்றும் போயாவுக்குப் போயா ஞாபகப்படுத்துகிறாள்.

கேள்வி: என் பிறந்தநாளை நண்பர்களோடு ஒரு தோட்டப் பாடசாலையில் கொண்டாடினேன். பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் கொடுத்தோம். படங்களை முகநூலில் போட்டேன், எத்தனையோ பாராட்டு. ஆனால் ஒரு பையன் மறுநாளிலிருந்து பாடசாலைக்கு வரவில்லையாம். என்ன பிழை செய்தேன்?
– பண்டாரவளை வாசகி

பதில்: படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

பழைய சப்பாத்தின் ஓட்டையை யாருக்கும் தெரியாமல் காலை மடித்து உட்கார்ந்து மறைத்து வைத்திருப்பான். நீங்கள் அதைக் கழற்றச் சொல்லி, புதியதைப் போடச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, படம் எடுத்தீர்கள். ஊரெல்லாம் பார்த்தது. பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் கொடுத்தபோது எங்கள் பிள்ளைகள் யாரும் தலை குனிந்து வாங்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்தது, யாருடைய படமும் எடுக்கப்படவில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கு அளவுகளை வகுப்பாசிரியரிடம் கேட்டு, பொதி செய்து, பெயர் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு நீங்களும் நண்பர்களும் கேக் வெட்டி எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள், உங்கள் முகங்களை. பையன் வீட்டுக்கு வகுப்பாசிரியரை அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் பொதுக்காரியம் என்றால் அடி, சிறை, வேலைநீக்கம். இப்போது டீ-சேர்ட் போட்டு நடக்கிறார்கள், பாடுகிறார்கள், கலைந்து போய்ச் சாப்பிடுகிறார்கள். எல்லாம் விளையாட்டாகிவிட்டதே, டீச்சர்? நடந்தால் நோய் போகுமா?
– மாத்தளை வாசகர், 78 வயது

பதில்: ஐயா, அந்தக் காலத்திலும் பாட்டு இருந்தது. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத நாளில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி போல உள்ளே போய் நிலைமையைப் பார்த்து வந்தார் என்று நீங்களும் நானும் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டங்களில் அவர் பேசுவதற்கு முன் மனைவி மீனாட்சி அம்மாள் பாடுவார். பகல் முழுவதும் மலையில் நின்ற சனம், சட்டமும் சம்பளமும் பற்றிய பேச்சைக் கேட்கவா முதலில் எழுந்து வந்திருக்கும்? பாட்டுக் கேட்டு வந்தது, பேச்சுக்கும் இருந்தது.

நடையைப் பற்றி. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள். சேர்ந்த பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக நிற்கிறது. நடந்து நோயைப் போக்க முடியாது. கட்டில் போட முடிந்திருக்கிறது.

2023இல் நாம் இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்து இருநூறு வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. முழங்கால் வலியால் நான் கடைசித் துண்டில் மட்டும் சேர்ந்தேன். என் பக்கத்தில் நடந்த பெண், "என் பாட்டியின் பாட்டி இந்த வழியில்தான் ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு நடந்தாளாம்" என்றாள். அடுத்த மூச்சிலேயே, கம்பி உடைந்து வௌவால் மாதிரித் தொங்கிய என் குடையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டுக்கும் அவளிடம் இடம் இருந்தது. அன்று உங்கள் ஊருக்குத்தான் வந்து சேர்ந்தோம், ஐயா. நீங்கள் வீட்டில் இருந்தீர்களா?

கேள்வி: கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். சித்திரைக்கும் தீபாவளிக்கும் மட்டும் தோட்டத்துக்கு வருவேன். கூட்டாளிகள் சேர்ந்தால் போத்தல்தான். தோட்டப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்வோம் என்று வாயைத் திறந்தால், "தலைவர் வந்துவிட்டார், மாலை போடுங்கள்" என்று கேலி செய்கிறார்கள்.
– பொகவந்தலாவை இளைஞன்

பதில்: அந்தக் கேலிக்காரர்களை விட்டுவிடாதே, தம்பி. கேலி செய்ய நேரமும் தெம்பும் இருக்கிறவர்கள்தான் வேலைக்கு ஆவார்கள். "ஏதாவது செய்வோம்" என்று பொதுவாகச் சொன்னதால்தான் மாலை வந்தது. ஆளுக்கொரு வேலையைக் கையில் கொடு. சித்திரை விடுமுறையில் ஒரு மென்பந்து கிரிக்கெட் போட்டி வை. டிவிசனுக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு நுழைவுக் கட்டணம். அதிகமாகக் கேலி செய்கிறவனை நேர்முக வர்ணனைக்கு உட்கார வை. சேருகிற பணத்தில் இந்த வருஷம் சாதாரண தரம் எழுதுகிற பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் புத்தகம். எத்தனை பிள்ளைகள், என்ன விலை என்று முன்கூட்டியே பலகையில் எழுதி மைதானத்தில் வை. காசு எங்கே போகிறது என்று பந்து பொறுக்குகிற சிறுவனுக்கும் தெரிய வேண்டும்.

போட்டியைக் காலையிலேயே தொடங்கு. சித்திரையில் பிற்பகல் மழையை நம்ப முடியாது. பரிசளிப்பில் பேச ஒருவருக்கு மேல் கூப்பிடாதே. கடைசி ஓவர் வரை போத்தல் இல்லை என்பதை மட்டும் முன்பே சொல்லி ஒப்புக்கொள்ள வை. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கேட்க நான் உன் அம்மா இல்லை. ஆனால் அந்தச் செலவு எந்தப் பக்கத்துக் கணக்கு என்று உனக்கு இப்போது தெரியும்.

கேள்வி: டீச்சர், நான் உங்களிடம் எட்டாம் ஆண்டில் கணக்குப் படித்தவள். கொப்பியின் பின்பக்கத்தில் கிறுக்கினால் அடிமட்டத்தால் அடிப்பீர்கள். இப்போது வட்டவளையில் இருக்கிறேன். உங்கள் போயா ரொட்டியைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நானும் ஒரு நாள் வரலாமா? என்ன கொண்டு வர வேண்டும்?

பதில்: அடித்தது உண்மைதான். இன்றைக்கு என் கொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்தால் நீ அடிமட்டத்தைத் தேடுவாய்.

அடுத்த போயாவுக்கே வந்துவிடு. மல்லியப்பு சந்தியில் இறங்கி, யாரிடமாவது கணக்கு டீச்சர் வீடு எது என்று கேள். தேங்காய் ஒன்று, செத்தல் மிளகாய் நூறு கிராம் கொண்டு வா. காசு போடுவதாக இருந்தால் சிறிய நோட்டாக மாற்றிக்கொண்டு வா. டின்னின் வாய் சிறியது. ஒன்பது மணிக்கு முன் வந்தால் மா பிசையலாம், பத்துக்குப் பிறகு வந்தால் பாத்திரம் கழுவலாம். சாப்பாட்டைப் பற்றி யோசிக்காதே. நாங்கள் ஆறு பேர்தான். இன்னமும் பதினான்கு ரொட்டிதான் தட்டுகிறோம்.